நாக்கின் இடக்கரை

மாங்குளம் என்று கூப்பிட்டேன்.
கடைசி ளகரத்தில் குத்தியது.
நாக்கு மடிந்து மேலே போகிற நேரம்
இடக்கரையில் யாரோ ஊசியோடு நிற்பதுபோல.

ஒலுமடு பரவாயில்லை.
கரிப்பட்டமுறிப்பைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லலாம்.
ஒட்டுசுட்டானில் இரண்டு தரம் குத்தும்.
முள்ளியவளையைச் சாரதி அன்ரனே
கத்தினான், என் பங்குக்கு.

ஒரு மாதம் இப்படி.
பார்மசியில் தந்த பூச்சுமருந்து, விற்றமின் குளிசை,
தேன், உப்புத்தண்ணி.
வெத்திலையை விட்டேன்.
புகையிலையை விட்டதாகச் சொன்னேன்.
பஸ் கண்ணாடியில் நாக்கை நீட்டினால்
நடுவில் வெள்ளை, சுற்றிவர உயர்ந்த வரம்பு,
ஐந்து ரூபாய்க் குற்றியில் பாதி.
பணப்பையை மூடிக்கொண்டேன்.

மாஞ்சோலை ஆஸ்பத்திரியில்
பல் டொக்டர் பவதாரணி
கையுறை விரலால் வரம்பை அமத்தினா.
பிறகு கழுத்தில், தாடைக்குக் கீழே,
எதையோ தேடுவதுபோல் நீவினா.
தேடியது கிடைத்ததா என்று
முகத்தில் எழுதவில்லை.

"இந்தக் கடைவாய்ப்பல் எப்ப உடைஞ்சது?"

செட்டிகுளம் முகாமில்.
நிவாரண அரிசியில் கல்.
அப்போது அது ஒரு காயமாகவே தெரியவில்லை,
காயங்களுக்கு நடுவே.
அன்றிலிருந்து நாக்கு
நேரம் கிடைக்கும்போதெல்லாம்
அந்த முனையைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது.

அராவினா. மூன்று நிமிசம்.
"இரண்டு கிழமை பார்ப்பம்.
பல்லுத்தான் காரணமெண்டால் ஆறும்.
ஆறாட்டில் ஒரு துண்டு எடுத்துப் பார்க்கவேணும்.
ஒரு நாளும் பிந்தக்கூடாது."

பாதி ஆறியது.
பாதி ஆறியதை நம்பேலாது என்று
வவுனியாவுக்கு எழுதித் தந்தா.

அங்கே வாங்கில் எனக்குப் பக்கத்தில்
முத்தையன்கட்டு இராசமலர் அக்கா.
அவவுக்கும் நாக்கில்தான், அதே கரை.
என்னுடையதிலும் சின்னது.
"நோகவே இல்லைத் தம்பி" என்றா,
கச்சான் உடைத்துக்கொண்டு.
எனக்குப் பொறாமையாக இருந்தது.

பருப்பளவு வெட்டினார்கள். ஒரு தையல்.
பதில் வர மூன்று கிழமை.
அந்த மூன்று கிழமையும்
மிச்சக்காசை இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தேன்,
யாருக்கும் கடன்படாமல் இருக்க.

கடதாசியில் புற்றுக்கலங்கள் இல்லை.
வெட்டிய இடத்தோடு
வெட்டாத இடமும் மூடிக்கொண்டு வந்தது.
"சில புண் அப்பிடித்தான். கண்ணுக்கு ஒண்டு,
நுணுக்குக்காட்டிக்கு வேறொண்டு.
மூண்டு மாதத்தில திரும்ப வந்து காட்டும்.
புகையிலை?"
தரையைப் பார்த்தேன்.

நேற்றுக் காலை ஒட்டுசுட்டானில்
ஒரு உடுப்புப்பையோடு ஏறினா இராசமலர் அக்கா.
"மாங்குளத்தில இறங்கி
யாழ்ப்பாண பஸ் எடுக்கலாம்தானே?"
எங்கே போகிறா என்று கேட்கவில்லை.
அவவே சொன்னா, காசை நீட்டியபடி.

"தெல்லிப்பளை" என்று நானும் ஒருக்கால் சொன்னேன்.
லகரம், ளகரம், இரண்டும் நோகவில்லை.
நோகவில்லை என்பதை
இப்போதெல்லாம் நம்புவதில்லை.
ஜன்னல் பக்கம் திரும்பி
நாக்கின் கரையை விரலால் தடவினேன்.

ரிக்கற்றைக் கிழித்துக் கொடுத்தேன்,
அதில் இருந்தது மாங்குளம் மட்டும்தான்.