நான்காம் வேற்றுமை

நீதிமன்றத்தில் பத்தொன்பது வருடம்
மற்றவர்களின் 'நான்' சொல்லிப் பிழைத்தவள்.
'நான் அந்தக் கைப்பேசியை எடுக்கவில்லை.'
'நான் அவரைத் தள்ளவில்லை, அவரே விழுந்தார்.'
கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்ல,
அவராகவே ஆகி ஆங்கிலத்தில் சொல்வேன்.
'அவர் சொல்கிறார்' என்று தொடங்கக் கூடாது. அது விதி.
மாலை ஐந்தரைக்கு ஹேவ்லாக் ஸ்குவேரில்
எல்லா 'நான்'களையும் உதறிவிட்டு
190இல் ஏறுவேன்,
என்னுடையது ஒன்றோடு மட்டும்.

அது இப்போது எங்கே என்று தெரியவில்லை.

பாலிகிளினிக்கில் என் பெயர் நான்கு இலக்கம்.
உள்ளே போனால் டாக்டர் கோவுக்கு இன்னொரு எண் வேண்டும்,
ஒன்றிலிருந்து பத்துக்குள்.
என்னிடம் இருந்தவை வேறு:
எழும்போது கடுப்பு,
படி இறங்கினால் தெறிப்பு,
நீதிமன்றக் குளிரில் குடைச்சல்,
இரவு மூன்று மணிக்குப் பெயர் வைக்காத ஒன்று.
'ஆறு' என்றேன்.
அவர் ஆறு என்று தட்டினார்.
அவ்வளவு மோசமான மொழிபெயர்ப்பை
என் வேலையில் செய்ததே இல்லை.

கணவர் பெயர் ஆரோக்கியசாமி.
சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.
தங்கையிடம் போனில் சொல்கிறார்:
'பிலோமினா வரல, அவளுக்கு முடியல.'
அவளுக்கு.
எனக்கு இடுப்பு வலிக்கிறது.
எழுவாய் இடுப்பு. வினையும் அதனுடையது.
நான் ஓரமாக ஒரு 'கு'வைப் பிடித்துக்கொண்டு,
ரயிலில் தொங்கும் வளையத்தைப் பிடித்தவள்போல.
முன்னுரிமை இருக்கையில் உட்கார்ந்திருப்பது அது.
எதிரே நிற்பவர்கள் முறைப்பது என்னை.

போன மாதம் ஒரு வழக்கு.
சாரத்திலிருந்து விழுந்த தொழிலாளி, அறந்தாங்கிப் பக்கம்.
'எனக்கு வலிச்சுது ஐயா' என்றார்.
'ஐ வாஸ் இன் பெயின்' என்று தொடங்கியவள்
பாதியில் நின்றுவிட்டேன்.
ஆங்கிலத்தில் நான்தான் எழுவாய்,
ஆனால் வலிக்குள் குடியிருக்கிறேன்.
தமிழில் வெளியே நிற்கிறேன், சாவி அதன் கையில்.
எது அவருடையது?
நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
சொல்லி முடித்தேன்.
அன்று ஐந்தரைக்குப் பிறகும்
அந்த 'நான்' உதிரவில்லை.
புக்கிட் பாத்தோக் வரை கூடவே வந்தது.

வியாழக்கிழமை. புளோக் அடியில் காப்பிக்கடை, மழை.
கோப்பி ஓ கொசோங் வாங்க வரிசையில் நிற்கிறேன்.
மேல்மாடியில் சுவர் துளைக்கும் இயந்திரம்
நின்ற பிறகுதானே தெரியும்,
இவ்வளவு நேரம் அது ஓடியது?
அப்படி நின்றது.
பணப்பையைத் தொலைத்தவள்போல்
இடுப்பைத் தடவிப் பார்த்தேன். இருந்தது. பேசவில்லை.

கடைக்காரர் என்ன வேண்டும் என்றார்.
கோப்பி ஓ கொசோங் எனக்குப் பிடிக்குமா?
மாத்திரைக்குப் பால் ஆகாதென்று
நாலு வருடமாகக் குடிப்பது.
அதற்கு முன் என்ன குடித்தேன்,
எந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்,
யாரோடு சண்டை போட்டேன்?
பின்னால் நின்றவர் 'ச்சு' கொட்டினார்.
'தே தாரிக்' என்றது ஒரு குரல்.
என் தொண்டைதான்.

பதினோரு நிமிடம்.
பாதிக் குவளையில் இடதுபக்கம் மெல்லத் தட்டியது.
'வந்துட்டியா' என்றேன்.
கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.
அதை ஆரோக்கியத்திடம் சொல்லவில்லை.

மீதியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.
எனக்கு இனித்தது.