பல்லி விழும் பலன்

இடது கண்ணிமை துடிக்கிறது.
பெண்ணுக்கு நல்லதாம்.
பணம் வரும், விருந்து வரும்,
பிரிந்தவர் வருவார்.

நான் கைப்பேசியைக் கேட்டேன்.

களைப்பு என்றது முதல் வரியில்.
காப்பியைக் குறை என்றது.
நான் அங்கே நிற்கவில்லை.
நல்ல சேதியை யார்தான்
இரண்டு முறை படிக்கிறார்கள்?
கட்டைவிரல் கீழே கீழே போய்
நரம்பைத் தாண்டி, மூளையைத் தாண்டி
வாயில் நுழையாத பெயருள்ள
ஒரு நோயின் வாசலில் நின்றது.
லட்சத்தில் ஒருவருக்கு.
இந்தத் தீவில் அறுபது லட்சம் பேர்.
கணக்குப் போட்டேன்.
மற்ற ஐம்பத்தொன்பது பேரை நினைத்தால்
பாவமாக இருந்தது.

ஈசூன். பதினோராம் மாடி.
மணி இரண்டு ஐம்பது.
எதிர் புளோக்கில் இன்னொரு சன்னலும்
நீலமாக விழித்திருக்கிறது.

சமையலறையில்
சிராங்கூன் ரோட்டு மளிகைக்கடை கொடுத்த காலண்டர்.
கடைசித் தாளில் பொடி எழுத்தில் பலன்கள்:
தலையில் விழுந்தால் கலகம்
தோளில் வெற்றி
முதுகில் நஷ்டம்.
அதற்கு ஒரு பல்லியாவது விழ வேண்டும்.
எனக்கு
விரல் நுனி மரத்தால் போதும்,
மாடிப்படியில் ஒரு மூச்சு கூடுதலாக வாங்கினால் போதும்,
நாக்கைக் கண்ணாடியில் பார்த்தால் போதும்.
(எல்லார் நாக்கும் இப்படித்தான் இருக்குமா?
ஞானவேலைக் காட்டச் சொன்னேன்.
சிரித்துக்கொண்டே காட்டினான்.
அவனுடையது நன்றாக இருந்தது. பொறாமையாக இருந்தது.)

பலதுறை மருந்தகத்தில்
இரண்டு மணி நேரம் காத்திருந்து
டாக்டர் கோவின் முன்னால் உட்கார்ந்தேன்.
ரத்தம் சரி, அழுத்தம் சரி,
எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்றார்.
ஆறு என்றேன்.
திரும்பும் பேருந்தில்
'டாக்டர்கள் கவனிக்கத் தவறும்' என்று தட்டினேன்.
மீதி வாக்கியத்தை
அதுவே முடித்துக் கொடுத்தது.
அன்று மாலையிலிருந்து
அஸ்தி மாட விளம்பரம் வருகிறது,
முன்பதிவுக்குக் கழிவாம்.

நேற்று
என் கைப்பேசி செத்துக் கிடந்தது.
அவனுடையதை எடுத்தேன்.
கண் என்று தொடங்குவதற்குள்
அவன் தேடியவை வரிசையாக இறங்கின.

மனைவி இரவில் தூங்குவதில்லை
மனைவி உடம்பு இளைப்பது ஏன்
மனைவி எதையோ மறைக்கிறாள்

உள்ளே போய் நேரம் பார்த்தேன்.
செவ்வாய், மூன்று மணி பத்து.
வியாழன், மூன்று மணி நாற்பது.
அந்த நேரங்களில் எல்லாம்
அவன் குறட்டை விட்டதாக ஞாபகம்.

மூன்றாவதைத் தொட்டுத் திறந்தேன்.
அவளிடமே கேட்டுப் பாருங்கள் என்றது
முதல் வரி.
அவனும் அங்கே நிற்கவில்லை போல.

அறைக்குத் திரும்பினேன்.
சுவர்ப்பக்கமாகப் படுத்திருந்தான்.
இமை துடித்துக்கொண்டே இருந்தது.
ஞானவேல், என்றேன்.

குறட்டை நின்றது.