உப்பில்லாக் கஞ்சி

கோட்டைக் கொட்டடியில் பதினோரு பேர்.
மடகாஸ்கரில் ஏற்றியது, பெங்கூலனுக்குப் போகவேண்டிய சரக்கு.
கணக்கர் வெங்கடாத்திரி எழுதினார்:
"காப்பிரி, பெண், ஒன்று."
அவளோ நெஞ்சைத் தொட்டு
"ரஸூவா" என்றாள், எனக்கு மட்டும்.

நான் கஞ்சி காய்ச்சுகிறவன்.
முதல் வாயிலேயே துப்பினாள்.
உப்புச் சட்டியைக் காட்டினாள், தன் காலைக் காட்டினாள்,
பிறகு கொடிமரத்துக்கு மேல் வட்டமிட்ட பருந்தை.
புரிய மூன்று நாள் ஆனது எனக்கு.

அப்புறம் பானையில் உப்பே விழவில்லை.
துரை ருசி பார்க்க வந்த அன்று மட்டும்
நக இடுக்கில் வைத்திருந்ததை
அவர் கரண்டியில் உதிர்த்தேன்.

ஐப்பசி. புயலுக்கு அஞ்சி
மசூலாப் படகுகள் கரையேறிக் கிடந்தன.
விடியலில் கடல்வாசல் காவலன் அலறினான்:
பூட்டியபடியே பதினோரு கால்வளையங்கள்.
ஈரமணலில் ஒரு தடம் இல்லை.

"பேதியில் செத்தவை, பதினொன்று" என்றெழுதி
மை காய ஊதினார் வெங்கடாத்திரி.
எனக்குப் பன்னிரண்டு கசையடி.

நானும் ஒரு மண்டலம் உப்பை விட்டுப் பார்த்தேன்.
முத்தியால்பேட்டைச் சந்தில் ஓர் இரவு
குதிகால் எழும்பியது,
ஒரு நெல் உயரம்.

உள்ளே என் பிள்ளை
கருவாடு கேட்டு அழுதது.