முப்பத்தேழிலிருந்து

வேலையை விட்ட மூன்றாம் நாள்
ஃபிரிட்ஜை அணைத்தேன்.
ஓசை பதியும்போது அது முனகக் கூடாது.
திரும்பப் போட மறந்துபோனேன்.
சொந்தத் தொழிலின் முதல் நட்டம்:
ஒரு லிட்டர் பால், அரைக் கிலோ பாலாடைக்கட்டி.

படங்களுக்குக் காலடி ஓசை செய்கிறவள் நான்.
ஸாக்ரெபின் பெரிய ஸ்டுடியோ ஒன்றில்
பதினோரு வருடம்
பிறர் செருப்பில் நடந்து சம்பளம் வாங்கினேன்.
இப்போது திரெஷ்னியெவ்காவில், மூன்றாம் மாடியில்,
குளியலறைதான் ஸ்டுடியோ.
கதவில் ஆணியடித்த இரண்டு கம்பளிகள்.
பன்னிரண்டாம் எண் டிராம் வரப்போவது
ஜன்னல் கண்ணாடிக்கு முன்பே
என் கடைவாய்ப் பல்லுக்குத் தெரியும்.

முதல் வேலை கெண்ட் நகரத்து இருவர் தந்தது:
ஒரு நரி, பனியில், நாலரை நிமிடம்.
உருளைக்கிழங்கு மாவைத் தோல்பையில் கட்டி
அழுத்தினால் பனி.
நாலு காலுக்கு இரண்டு கை போதாது,
முழங்கைகளையும் சேர்த்துக்கொண்டேன்.
பதில் வந்தது:
"அருமை. ஆனால் இந்த நரி
யாரோ கூட வருவதுபோல் நடக்கிறது.
இன்னும் கொஞ்சம் தனியாக நடக்குமா?"

இரண்டு நாள் எவரோடும் பேசாமல் இருந்தேன்.
அது ஒன்றும் கடினமாயில்லை.
மூன்றாம் இரவு, கடைசி டிராம் போனபின்,
ஒரே தடவையில் நடந்து முடித்தது நரி.

பிறகு பில்.
"ஒன்று என்று போட்டுவிடாதே" என்றான் க்ரெஷோ.
புத்தக அட்டை வரைகிறவன்,
ஆறு வருடமாக யாருக்கும் கீழே இல்லாதவன்,
என்னிடம் சூப் குடிக்க வருகிறவன்.
"ஒன்று என்று கண்டால்
அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள்.
முப்பத்தேழு போடு.
முப்பத்தேழு நம்பத் தகுந்த எண்."

போட்டேன்.
தலைச்சன் பிள்ளைக்கு
முப்பத்தாறு அக்காள்கள் முளைத்தார்கள்.

அறுபது நாளில் பணம் என்றார்கள்.
அறுபத்தொன்று என்று ஒரு நாள் இருப்பதை
சம்பளக்காரர்கள் அறியமாட்டார்கள்.
அன்று போனைத் திறப்பதும் மூடுவதும்
எந்தப் படத்துக்கும் விற்காத ஓசை.

மார்ச்சில் வரி அலுவலகம் அழைத்தது.
ஷ்டெஃபிட்ஸா என்றது மேசைப் பலகை.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
என் வருடம் முழுவதையும் விரலால் தடவினாள்.
முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.
"சரி. மற்ற முப்பத்தாறு எங்கே?"

பொய் ஒன்று வாய்வரை வந்தது.
வந்ததோ வேறு.
"காசில்லை, பேர் கிடைக்கும் என்று சொல்லி
ஒரு மாணவன் வாங்கிப்போன குதிரை.
அவன் இப்போது வியன்னாவில்.
தங்கையின் கல்யாண வீடியோவில்
கைதட்டாத விருந்தினருக்கு நான் தட்டிய கைகள்.
பெயர் வராத ஒன்பது படங்கள்.
ஒரு படத்தில் முத்தம்கூட நான்தான்,
என் மணிக்கட்டில் நானே..."

"வருமானம்?"

"இல்லை."

அவள் தட்டச்சத் தொடங்கினாள்.
நீள நகம், பழைய விசைப்பலகை.
தகரத் தட்டில் காய்ந்த பட்டாணி.
இல்லை, பட்டாணி கனம்.
பயறு.
"என்ன பார்க்கிறீர்கள்?" என்றாள்.
"கேட்கிறேன்" என்றேன்.

ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடச் சொன்னாள்:
என் கணக்கு முப்பத்தேழில் தொடங்குகிறது,
அதற்கு முன் எதுவுமில்லை.
முதல் பாதியை வேகமாக எழுதினேன்.
இரண்டாம் பாதிக்குப் பேனா மூன்று முறை நின்றது.
அபராதம் போடவில்லை.
போகும்போது மட்டும், தலை நிமிராமல்,
"அந்த முத்தம் எந்தப் படம்?" என்று கேட்டாள்.

இன்று நாற்பதாவது.
முழங்கால் தேய்ந்த ஒருவர்
ஐந்து மாடி ஏறுகிறார், கையில் தர்ப்பூசணி.
முழங்காலுக்கு மரநாற்காலி கிடைத்துவிட்டது.
தர்ப்பூசணிக்கு இந்த மாதத்தில் எங்கே போவது?

ஃபிரிட்ஜை அணைத்தாகிவிட்டது.
வீட்டுச் சாவியைப் பாலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.
வெளியே போகவேண்டுமென்றால்
அதைத் திறந்தே தீரவேண்டும்.