நோக்கம் என்றொரு கட்டம்

ஹென்னூருக்கு அந்தப் பக்கம்,
ஏரியின் இரண்டாவது கேட்டில் என் நாற்காலி.
ஒரு கால் ஆடும்.
யாரோ விட்டுப்போன ஆதார் ஜெராக்ஸை
மடித்துக் கொடுத்திருக்கிறேன்.
ரிஜிஸ்டரில் நாலு கட்டம்:
பெயர், ஃப்ளாட் நம்பர், நேரம், நோக்கம்.
நோக்கத்தில் எல்லோருக்கும் வாக்கிங்.
நாய்க்கும் வாக்கிங்தான்.

சனிக்கிழமை ஆறேகாலுக்கு அவர்கள் வருவார்கள்,
பதினொரு பேர்.
காங்கோ, சூடான், ஒருத்தன் லாகோஸ்.
நர்சிங், பி.காம்., கடைக்குட்டி பத்தாம் வகுப்பு.
"அவங்ககிட்ட மட்டும் ஐடி கேளு," என்றார் செக்ரட்டரி.
'மட்டும்' என்பதை மெதுவாகத்தான் சொன்னார்,
ஊசி போடுகிறவர் மாதிரி.

நான் வாய் திறக்குமுன்
அவர்கள் கை பைக்குள் போயிருந்தது.
அந்தக் கையை எனக்குத் தெரியும்.
தருமபுரியிலிருந்து வந்த புதிதில்
மேஸ்திரி, போலீஸ், வீட்டுக்காரர்,
எவர் முறைத்தாலும்
என் கையும் சட்டைப் பையைத் தொடும்.

அவர்கள் செய்வது இவ்வளவுதான்:
செருப்பைக் கழற்றுவார்கள்.
ஜாம் பாட்டிலில் கரைமண் அள்ளி
தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைப்பார்கள்.
மணல் முதலில் இறங்கும், பின்னால் வண்டல்.
களி கலங்கியே கிடக்கும்,
அதற்கென்ன அவசரம்.
நாமக்கோழி எத்தனை என்பதில் சண்டை வரும்.

வேலியோரம் குந்தியிருந்த ஓடெத்
"லெங்கா லெங்கா!" என்று கத்தினாள்.
பாம்பென்று விசிலோடு ஓடினேன்.
குப்பைக்கீரை.
லுபும்பாஷியில் அவள் அம்மா
வெங்காயம் போட்டு வதக்குவாளாம்.
நாங்கள் கடைவோம் என்றேன்,
பாதி கன்னடம், பாதி கையால் மத்து சுற்றி.

கடைசிப் பத்து நிமிடம்
புல்லில் மல்லாந்து படுப்பார்கள். பேச்சில்லை.
மூன்று வருஷமாக
ரூம், கிளாஸ், ரூம் என்றிருந்தவன் எபுகா.
முதல் நாள் அவனுக்குக் கண் மூட வரவில்லை,
ஒவ்வொரு காலடிக்கும் எழுந்து உட்கார்ந்தான்.
இப்போது குறட்டை.

போன வாரம் ஏதோ ஜன்னலிலிருந்து
படமெடுத்து குரூப்பில் போட்டுவிட்டார்கள்.
செக்ரட்டரி போன்: "எழுப்பு."
புல்லில் உட்காரக் கூடாதென்று பலகை இருக்கிறது, உண்மை.
அதற்கடியில்தான் ஞாயிறுதோறும் யோகா.

விசிலை வாயில் வைத்தேன்.
எடுத்தேன்.
அவர்களுக்கு முதுகைக் காட்டி
பாதையைப் பார்த்து நின்றேன்.
முதுகு காட்டினால் ஓடிப்போனவன் என்பார்கள் ஊரில்.
செல்போனில் பத்து நிமிடம் முடிந்தது.
இன்னும் இரண்டு ஓடட்டும் என்று விட்டேன்.

போகும்போது ஓடெத் பேனா கேட்டு
நோக்கம் கட்டத்தில் ஏதோ எழுதினாள்.
பிரெஞ்சு. எனக்கு வாசிக்க வராது.
செக்ரட்டரிக்கும் வரவில்லை.
"என்னய்யா இது?" என்றார்.

வாக்கிங் சார், என்றேன்.