ஒரு பேஸ் இல்லை

மழையில் ஊறி உப்பிய கதவு.
சேலம் பெரியாஸ்பத்திரி, ஏழாம் அறை.
அதைத் தள்ளிக்கொண்டு வந்தார் அய்யந்துரை,
சீலநாயக்கன்பட்டியில் லாரிக்கு பாடி கட்டுகிறவர்.

வலது கை. சுண்டுவிரலும் மோதிர விரலும்
நுனி கறுத்து, தொட்டால் ஐஸ்.
இரண்டு மாதம் தைலம்,
ஒரு மாதம் நரம்பு ஊசி.
'ஏற்காட்டுக் குளிர்' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்,
மலைக்கே போகாத மனிதரிடம்.

சர்க்கரை இல்லை.
பீடி எத்தனை என்றால்
கட்டுக் கணக்கில் பதில்.
பிறகுதான் கேட்டேன்,
பலகை உட்காராவிட்டால் என்ன செய்வீர்கள்?

சொல்லவில்லை, செய்து காட்டினார்.
சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை மேடு
மேசையில் இறங்கியது.
பேனா துள்ளிக் கீழே விழுந்தது.
"சுத்தியலத் தேடுற நேரத்துல
நாலு பலகை உக்காந்துரும் டாக்டர்."
இருபத்திரண்டு வருடம்.

அந்த மேட்டுக்கு அடியில்
கொக்கி போல் ஓர் எலும்பு உண்டு.
எலும்புக்கும் அடிக்கும் நடுவே
ஒதுங்க இடமில்லாத ரத்தக்குழாய்.

கையை மூடச் சொல்லி
மணிக்கட்டின் இரு துடிப்பையும் அழுத்தினேன்.
திறந்தார். சுண்ணாம்பு.
சுண்டுவிரல் பக்கம் மட்டும் விட்டேன்,
பத்து எண்ணினேன். சுண்ணாம்புதான்.
கட்டைவிரல் பக்கமும் விட்டேன்,
அங்கே சிவந்தது. இந்த இரண்டு விரல்களைத் தவிர.
கையையே பார்த்திருந்தவர் கேட்டார்,
"ஒரு பேஸ் இல்லீங்களா?"

ஆஞ்சியோ படத்தில் அந்தக் குழாய்
கொண்டை ஊசி வளைவுகளாய் நெளிந்து
பாதியில் நின்றிருந்தது.
மலைக்குப் போகாதவரின் உள்ளங்கையில்
மலைப்பாதை.

திறந்தோம்.
ஊறிய ஜவ்வரிசி போல் ஒரு புடைப்பு,
உள்ளே உறைந்த ரத்தம்.
வெட்டியெடுத்த இடத்தில்
முன்கையிலிருந்து ஒரு சிரை,
வால்வுகள் வழி மறிக்காதபடி தலைமாற்றி
முடியைவிட மெல்லிய நூலால் தைத்தது.
கவ்விகளை எடுத்தேன்.
சுண்டுவிரல் கொஞ்சம் யோசித்தது.
பிறகு சிவந்தது.
மோதிர விரலின் நுனி மட்டும் திரும்பவில்லை.

மறுபரிசோதனை நாள்.
பீடியை விட்டு நாற்பது நாள் என்றார்.
"முப்பத்தெட்டு" என்றார் மனைவி செம்பாயி.
இடுப்பில் கயிறு கட்டித் தொங்கும்
ரப்பர் சுத்தியலைக் காட்டினார்.
தேடக் கூடாதில்லையா.

போகும்போது கதவு சிக்கியது.
வலது கை ஓங்கி
காற்றிலேயே நின்றது.
தோளால் முட்டித் திறந்து போனார்.

மாலை ஐந்து மணி. விளக்கை அணைத்தேன்.
பதினோரு வருடமாக
இந்தக் கதவை எதால் அடித்துத் திறக்கிறேன் என்று
யோசிப்பதற்குள்
என் கை ஓங்கியிருந்தது.