நாலரை அடிச் சந்து

ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பஸ் நின்றால்
என் பையைத்தான் முதலில் திறப்பார்கள்.
புதுச்சேரியிலிருந்து வரும் நீளப் பைக்குள்
வேறென்ன இருந்துவிடப் போகிறது?
மூன்று ராக்கெட், ஈரத் துண்டு,
கைப்பிடி வழுக்காமலிருக்க ஒரு பொட்டலம் மரத்தூள்.
பந்து டின்னைக் காதருகே வைத்து உலுக்குவார் ஏட்டு.
சனிக்கிழமைதோறும் அவருக்கு ஏமாற்றம்.

முத்தியால்பேட்டையிலிருந்து மஞ்சக்குப்பத்துக்கு
இரண்டு பஸ்.
அங்கே விரிசல் விட்ட ஒரே தளம்.
தானே புயல் வேலியைச் சுருட்டிய வருடத்திலிருந்து
வலையின் நடுவில் மீன்வலை ஒட்டு;
தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் முடிந்தது,
இன்னும் அவிழவில்லை.
அந்த ஒட்டுக்கு அப்பால் நின்றாள் தையல்நாயகி.
முதல் நாள் எதிரில்.
மறுநாள் பக்கத்தில்.

தளம் ஒன்று, ஆள் எட்டு.
ஒற்றையர் ஆடினால் ஆறு பேர் வெயிலில் நிற்கணும்.
நான் இரட்டையர்க்காரி ஆனது அப்படித்தான்.
பேட்டிகளில் வேறு காரணம் சொல்லியிருக்கிறேன்.

ஒற்றையருக்கு வெளியே என்று விழும் பந்து
எங்களுக்கு உள்ளே.
ஓரத்துக்கு நாலரை அடி.
பதினொரு வருடம் அந்தச் சந்தில் குடியிருந்தேன்.

அண்டால்யா, மொனாஸ்டிர், சோலாப்பூர்:
எல்லா ஊரிலும் அதே பிளாஸ்டிக் நாற்காலி.
ஒற்றையர் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு
கடைசித் தளத்தில், ஒரு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்க,
எங்கள் ஆட்டம்.
பரிசுத் தொகை இரண்டாய் வகுபடும்.
அறை வாடகையும்.
குக்கர் என்னுடையது, ரசப்பொடி அவளுடையது.
பட்டியலில் எங்கள் நடுவே ஒரு சாய்கோடு:
செலஸ்தீன் / தையல்நாயகி.
என் பெயரை எப்படியோ சமாளித்துவிடும் நடுவர்கள்
அவள் பெயரில் வழுக்கி விழுவார்கள்,
எழுந்து வருவதற்குள் டாஸ் முடிந்திருக்கும்.

நான் சர்வ் போடுமுன்
முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவாள்.
ஒன்று என்றால் நில். இரண்டு என்றால் தாண்டு.
மூடிய கை என்றால்
எனக்கே தெரியல, நீ பாத்துக்க.
வாய்ச்சொல் மூன்றே மூன்று:
எனக்கு. மாறு. விடு.
எதிரில் இருப்பவர்களுக்குப் புரியாது.
நூற்று அறுபத்து மூன்றாம் இடம் வரை
அந்த மூன்று சொல்லைப் பிடித்து ஏறினோம்.

ஒரு மார்ச் இரவு செய்தி வந்தது.
'எண்பதாவது ரேங்க்காரி கேக்குறாடி. என்ன சொல்ல?'
கேள்விக்குறி போட்டிருந்தாள், அது அவள் மரியாதை.
'போ' என்று எழுதி, அழித்து,
'மாறு' என்று அனுப்பினேன்.

பிறகு பல பேர். கடைசியாக
தில்னோசா, தாஷ்கண்ட்.
எங்களுக்குப் பொதுவாய் இருந்தது
நாற்பது ஆங்கிலச் சொல்லும் ஒரு முழங்கால் களிம்பும்.

புனேயில் காலிறுதி. எதிரில் தையல்நாயகி.
சூப்பர் டைபிரேக், ஒன்பது எட்டு.
அவர்கள் தூக்கிய லாப்
நீளம். ஏறும்போதே தெரிந்தது.
'விடு!' என்று கத்தினேன்.
தில்னோசா எம்பினாள்,
சட்டத்து விளிம்பில் பட்ட பந்து
நனைந்த கோழி மாதிரி வலையைத் தத்தித் தாண்டி
தையல்நாயகியின் காலடியில் விழுந்தது.
அவள் ராக்கெட்டைத் தாழ்த்திக்கொண்டு நின்றாள்.

மைதானத்திலேயே என் சொல் கேட்டது
அவள் ஒருத்திதான்.

பத்து எட்டு என்றார் நடுவர்.
வலையருகே நான்கு கைகள்.
'வெளியதான்டி போயிருக்கும்,' என்றாள். 'சரியாத்தான் சொன்ன.'
அவளுக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது.
எனக்கு அரையிறுதி;
ஆறு ஒன்று, ஆறு இரண்டு என்று தோற்றேன்.

இந்தச் சனிக்கிழமை ஆல்பேட்டையில் அதே ஏட்டு.
மீசை நரைத்திருக்கிறது.
புது டின்னு சார் என்று சொல்லச் சொல்ல
வளையத்தை இழுத்துவிட்டார்.
ஸ்ஸ் என்றதும் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது,
மாட்டிக்கிட்டா என்று.
மூன்று பந்து. எண்ணிப் பார்த்து மூடினார்.
'யார்கூட ஆடப் போறீங்க?' என்றார்.

அதற்குள் கண்டக்டர் விசில்.